விதியும் விளக்கமும்: ஷாக்கல் ஆவணமாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

டபிள்யூ3சி 2017இல் பரிந்துரைத்த ஷாக்கல், ஆர்டிஎஃப் தரவைச் சரிபார்க்கும் விதிமொழி. அவ்விதிகளிலிருந்தே பயனர் ஆவணத்தைத் தானாக உருவாக்கலாம் எனும் கூற்று பாதியளவே பொருந்தும். சுவடிப் பட்டியலில் ஆசிரியர் புலத்திற்குக் குறைந்த அளவு 1 என விதித்தால், ‘ஒரு மதிப்பேனும் கட்டாயம்’ எனக் கருவி எழுதிவிடும். ஆசிரியர் அறியப்படாத சுவடிக்கு எதை இடுவது என்பதை எழுதாது. அதற்கெனவே ‘விவரிப்பு’ எனும் பண்பு ஷாக்கலில் உண்டு. அதை மொழிக்கொன்றாகத் தமிழிலும் தரலாம். ஆனால் அது சரிபார்ப்பில் பங்கேற்பதில்லை. விடுபட்டாலும் பிழை எழாது. ஆன்டாலஜிகளை வலைப்பக்கமாக்கும் லோட், விடோகோ ஆகிய கருவிகளும் எழுதிவைத்த குறிப்புரைகளையே நம்பியுள்ளன. டிஇஐ அமைப்பின் ஓடிடி முறை, விளக்கவுரையையும் விதியையும் ஒரே மூலத்தில் வைப்பதால் இவ்வகையில் மேம்பட்டது. ஷாக்கல் விதிகளும் ஆர்டிஎஃப் தரவே. விவரிப்பற்ற விதியைப் பிழையெனக் காட்டும் விதியொன்றை அதிலேயே எழுதலாம். விவரிப்பின் தரத்தை அது அளக்காது, இல்லாமையைக் காட்டும்.