அகராதியையே அசரடித்த பிள்ளைகள்

மே மாதக் கடைசியில் ஊரே ஐபிஎல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். என் கவனம் மட்டும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ மீது இருக்கும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகள் மைக் முன்னால் தனியாக வந்து நிற்கிறார்கள். பெரியவர்களே கேள்விப்படாத ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார்கள். தப்பினால் மணி அடிக்கும், அவ்வளவுதான். இதைவிட விறுவிறுப்பான விளையாட்டை நான் பார்த்ததில்லை. மனசாரச் சொல்கிறேன்.

'எல்லாம் வெறும் மனப்பாடம்' என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஒரு சுற்றையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். போட்டிக்கு ஆதாரமான மெரியம்-வெப்ஸ்டர் பேரகராதியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அத்தனையையும் யாரால் உருப்போட முடியும்? இந்தப் பிள்ளைகள் செய்வது அசல் துப்பறியும் வேலை. உச்சரிப்பாளர் ஜாக் பெய்லி, 1980-இல் இதே போட்டியில் பட்டம் வென்றவர். அவர் சொல்லைச் சொன்னதுமே கேள்விகள் கிளம்பிவிடும். எந்த மொழியிலிருந்து வந்தது? பொருள் என்ன? வேறு உச்சரிப்பு உண்டா? கேட்டுக்கொண்டே விரலால் உள்ளங்கையில் எழுதிப் பார்ப்பார்கள். கேமரா அந்த விரலை நெருங்கிக் காட்டும்போது எனக்கு மூச்சே நின்றுவிடும்!

2023 இறுதிச் சுற்றைப் பாருங்கள். ஃப்ளோரிடாவின் தேவ் ஷாவுக்கு வந்த சொல் 'சாமோஃபைல்'. மணற்பாங்கான இடத்தில் வாழும் உயிரி என்று பொருள். மணலைக் குறிக்கும் கிரேக்க வேர், விருப்பத்தைக் குறிக்கும் இன்னொரு வேர் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டு உறுதி செய்துகொண்டான். முதலில் ஓர் ஊமை 'பி', நடுவில் இரண்டு 'எம்', 'ஃப' ஒலிக்கு 'பி-எச்'. எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. காதால் கேட்க முடியாத எழுத்தைக்கூட அறிவால் எட்டிப் பிடிக்கிறான் என்றால், அதை மனப்பாடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவர்களையும் சாய்க்கும் வில்லன் ஒன்று உண்டு. ஷ்வா. அழுத்தம் இல்லாத அசையில் 'அ' மாதிரி மழுங்கி ஒலிக்கும் உயிர். அது ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவாகவும் இருக்கலாம். மூலமொழி தெரியாவிட்டால் குருட்டாம்போக்குதான். ஆங்கில ஸ்பெல்லிங் எவ்வளவு கொடுமையானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1925-இல் நடந்த முதல் போட்டியில் பட்டம் தந்த சொல் 'கிளாடியோலஸ்', பூக்கடையில் கிடைக்கும் பூ. 2019-இல் நடந்ததோ வேறு. 20 சுற்றுகள், நள்ளிரவும் தாண்டிவிட்டது, எட்டுப் பேர் விழவே மறுத்தார்கள். திணறடிக்கச் சொல் இல்லாமல், எட்டுப் பேரையும் சேர்த்தே வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். பிள்ளைகளின் திறமைக்கு உச்சவரம்பு வைக்க நாம் யார் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. லட்சக்கணக்கானோரில் வடிகட்டி வந்தவர்கள் இவர்கள், வீட்டுப் பிள்ளையை இவர்களோடு ஒப்பிட்டுத் திட்டுவது அநியாயம். ஆனால் இது பிறவி வரம் மட்டுமல்ல. உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் குழு இந்தப் போட்டியாளர்களையே ஆராய்ந்திருக்கிறது. தனியாக உட்கார்ந்து செய்த சலிக்கவைக்கும் பயிற்சிதான் அவர்களை அதிகம் முன்னேற்றியது என்று கண்டது.

ஃபைசான் ஸாக்கியைச் சொல்லாமல் விடவே முடியாது. 2024-இல், 90 விநாடியில் யார் அதிகச் சொற்களைச் சரியாகச் சொல்கிறார் என்று பார்க்கும் ஸ்பெல்-ஆஃபில், பிருகத் சோமா 29 சொற்களைச் சரியாகச் சொல்ல, 20 சொல்லித் தோற்றவன் அவன். மறுவருடம் திரும்பி வந்தான். இறுதியில் மிஞ்சியிருந்த மற்ற இருவரும் தவறிவிட, பட்டம் கைக்கெட்டும் தூரம். வந்தது 'கொமெலைனா', நம் ஊர் கானாவாழையின் பேரினப் பெயர். 'சி'யில் தொடங்க வேண்டிய சொல்லை, ஒரு கேள்வியும் கேட்காமல் 'கே' என்று ஆரம்பித்துவிட்டான். மணி அடித்தது! மூவருமே தவறியதால் ஆட்டம் தொடர்ந்தது. இன்னொரு பிள்ளையாக இருந்தால் நொறுங்கிப் போயிருக்கும். அவனோ சுதாரித்துக்கொண்டு ஆடினான். கடைசிச் சொல்லுக்கும் கேள்வியே கேட்கவில்லை. பிரெஞ்சிலிருந்து வந்த 'எக்லேர்ஸீஸ்மான்' என்ற நீளமான சொல். படபடவென்று எழுத்துகளைச் சொல்லி முடித்து, மேடையிலேயே சந்தோஷத்தில் விழுந்தான்.

யூடியூபில் 2024 ஸ்பெல்-ஆஃபிலிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்!