காந்தாரம் ஒளியும் இடம்

பைப் ஆர்கன் கலைஞரின் ரசனையை அவருடைய விரல்களில் மட்டும் தேடக்கூடாது. எந்த ஸ்டாப் குமிழ்களை இழுக்காமல் விட்டார் என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குமிழும் ஒரு குழாய் வரிசையைத் திறக்கிறது, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குரல். இந்தக் குரல்களைக் கூட்டிச் சேர்ப்பதில் பழைய பிரெஞ்சுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

பிரான்சுவா கூப்பரான் 1690இல் வெளியிட்ட, கத்தோலிக்கத் திருப்பலிக்கான இரண்டு ஆர்கன் மாஸ்களில் பல பகுதிகளுக்கு ஸ்டாப் சேர்க்கைதான் தலைப்பு. (ஜெர்மனியின் பாக் பெரும்பாலும் ஸ்டாப் குறிப்பே எழுதவில்லை. அவருடைய ரசிகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.) கூப்பரானின் அந்தப் பகுதிகளில் 'தியேர்ஸ் ஆன் தாய்' (நடுக்குரலில் காந்தாரச் சேர்க்கை) கேட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது. வலக்கையும் கால்களும் அடக்கமாகத் துணைபோக, இடக்கை நடு ஸ்தாயியில் பாடும். வரிசைகளுக்குக் குழாய் நீளமே அடையாளம்: 8 அடி வரிசை ஆதார ஷட்ஜம் என்றால், 4 அடி மேல் ஷட்ஜம், 2⅔ அடி அதற்கு மேலுள்ள பஞ்சமம், 2 அடி அடுத்த ஷட்ஜம், 1⅗ அடி அதற்கும் மேலே அந்தர காந்தாரம். ஒரு கட்டையை அழுத்தினால் ஐந்து குழாய்கள் ஒலிக்கின்றன, காதில் விழுவதோ ஒரே குரல். சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமல் ஸ்வயம்பு காந்தாரம் எழுமே, அதற்கு இங்கே தனிக் குழாயே வைத்துவிட்டார்கள். தனியாக ஊதினால் அது சம்பந்தமில்லாத கீச்சொலி. மற்ற நான்கோடு கூடும்போது ஸ்வரமாகக் கேட்காது; குரலுக்கு லேசான மூக்கொலியும் ஏக்கமும் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

உரக்க வாசிப்பதிலும் அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. 'ப்ளேன் ஜூ' சேர்க்கை ஷட்ஜமும் பஞ்சமமுமாக அடுக்கிய பளபளப்பு. 'க்ரான் ஜூ' பித்தளை நாக்கு அதிரும் குழாய்களோடு காந்தாரமும் சேர்ந்த முழக்கம். ஒன்றின் சரக்கை மற்றதில் கலக்கமாட்டார்கள். துறவியும் ஆர்கன் கட்டும் வல்லுநருமான தோம் பெதோ, 1766 முதல் வெளிவந்த தம் பெருநூலில் இத்தகைய சேர்க்கைகளை விரிவாக எழுதியிருக்கிறார். எல்லாக் குமிழ்களையும் ஒருசேர இழுத்துவிட்டு அதைக் கம்பீரம் என்று நம்புகிறவர்கள் அந்த நூலை ஒருமுறை புரட்டலாம்.

தியேர்ஸ் ஆன் தாயின் உச்சம் கூப்பரானிடம்கூட இல்லை, நிக்கோலா தெ க்ரிஞியிடம் இருக்கிறது. 1699இல் அச்சான அவருடைய ஆர்கன் நூலில் உள்ளதை, காலத்துக்கேற்ற பழைய ஆர்கனில் பதிவான இசைத்தட்டாகத் தேடிக் கேளுங்கள். இளம் பாக் அந்த நூலைத் தம் கையாலேயே படியெடுத்து வைத்துக்கொண்டார்.