ஓர் இரவின் வெற்றி எதை நிரூபிக்கிறது?

ஓர் இரவில் 14,000 ரூபாய் வென்று வந்தவரைத் திறமைசாலி என்று சொல்லலாமா? கேள்வி எளிதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சீட்டாட்டத்தில் வெல்வது திறமையாலா, தற்செயலாலா என்று நம் நாட்டு நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. என் நண்பர் ஒருவரோ ஒரே இரவில் விடை கண்டுவிட்டதாக நம்பினார். அவருக்கு நான் தாளில் எழுதிக் காட்டிய கணக்கையே வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு கப்பல்கள்

நண்பர் தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் வசிப்பவர்; கல்லூரியில் என்னோடு படித்தவர். அந்நாளில் விடுதி அறையில் ரம்மி ஆடும்போது எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது இன்னும் கட்டில் இருக்கிறது என்று அவர் மனத்திலேயே கணக்கு வைத்திருப்பார். காசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகள் தமிழ்நாட்டில் கிடையா. அங்கே ஒருமுறை ஆடிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் அவர் கோவாவுக்குக் கிளம்பியபோது, துணைக்கு நானும் போனேன். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, அன்று மாலையே பனாஜி போய்ச் சேர்ந்தோம்.

பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களிலேயே காசினோக்கள் நடக்கின்றன. ஒரு கப்பலில் நள்ளிரவு வரையிலும், இன்னொன்றில் விடியும் வரையிலுமாக 8 மணி நேரம் நண்பர் போக்கர் ஆடினார். நான் ஒரு மணி நேரம் ஆடி 3,000 ரூபாய் தோற்றேன். அதன்பின் எழுந்துவந்து, எனக்குப் பழக்கமான வேலையைச் செய்யத் தொடங்கினேன். அதாவது, எண்ணத் தொடங்கினேன்.

போக்கர் அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அங்கு ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு 5 சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக மேஜைமீது திறக்கப்படும். இந்த 7 சீட்டுகளில் மிகச் சிறந்த 5-ஐ உடையவருக்கே பணம். இடையிடையே பந்தயத்தை உயர்த்தலாம், விலகலாம், இல்லாததை இருப்பதுபோல் காட்டி மற்றவரை விலகச் செய்யலாம். சீட்டு வருமுன்பே முறைவைத்து இருவர் ஒரு தொகையைக் கட்டவேண்டும். இதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். அன்று பெரிய பிளைண்ட் 100 ரூபாய்.

விடிந்தபோது நண்பர் கையில் 14,000 ரூபாய் லாபம். “பார்த்தாயா? இது மங்காத்தா இல்லை. மூளை ஆட்டம். கோர்ட்டே சொல்லியிருக்கிறது” என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு கடன் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கடன் 2 லட்சம் ரூபாய். மாதம் இரண்டு இரவுகள் கோவாவில் ஆடுவது அவர் திட்டம். படிவத்தில் ஜாமீன்தாரர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

கோர்ட் சொன்னது உண்மைதான். 1968-இல் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று கூறியது. இறங்கிய சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், கையிலுள்ளதைக் கோத்துச் சேர்ப்பதற்கும் திறமை வேண்டும் என்பது காரணம். மூன்று சீட்டு ஆட்டம் அப்படியன்று எனப்பட்டது. 1996-இல் கிண்டிக் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கிலும் பந்தயம் திறமையின் பாற்பட்டது என்றே தீர்ப்பாயிற்று.

இணையவழி ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பின்னர் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதான தீர்ப்பு 2023 நவம்பரில் வெளியாயிற்று. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றும், அச்சட்டத்தின் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றும் அதில் கூறப்பட்டது.

இத்தீர்ப்புகள் பொய் சொல்கின்றன என்று நான் வாதிடவில்லை. போக்கரில் திறமை உண்டு. எப்போது விலகவேண்டும் என்று அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் வேறுபாடு உண்டு. என் குறை வேறு. “ஆட்டத்தில் திறமை இருக்கிறதா?” என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை சொன்னால் போதாது. அத்திறமை எத்தனை ஆட்டங்களுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஓர் அளவின் பெயரை மட்டும் சொல்லி, அதன் மதிப்பைச் சொல்லாத மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் தருவதில்லை.

சமிக்ஞையும் இரைச்சலும்

பழைய வானொலிப் பெட்டியில் தொலைதூர நிலையத்தைப் பிடிக்க முயன்ற பெரியவர்கள் இதை அறிவார்கள். பாட்டு ஒலிக்கத்தான் செய்யும். ஆனால் இரைச்சல் அதை மூடிவிடும். போக்கரில் திறமை என்பது பாட்டு. சீட்டு விழும் விதம் இரைச்சல்.

இரைச்சல் எவ்வளவு பெரிது? கிடைக்கக்கூடியவற்றுள் மிகச் சிறந்த கை இரண்டு ஏஸ். அது 221 முறைக்கு ஒருமுறைதான் வரும். அதை வைத்துக்கொண்டு இரண்டு ராஜா வைத்திருப்பவரோடு முழுப் பணத்தையும் கட்டி மோதினால்கூட, 100-க்கு ஏறத்தாழ 18 தடவை வெற்றி கிட்டாது. இதில் யாருடைய மூளைக்கும் பங்கில்லை.

இனி ஒரு கணக்கு. நல்ல ஆட்டக்காரர் ஒருவர், செலவெல்லாம் போக, 100 ஆட்டங்களுக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது மோசமான வருமானமன்று. அதே 100 ஆட்டங்களில் ஏற்ற இறக்கத்தின் அளவை, அதாவது திட்ட விலக்கத்தை, 80 பிளைண்ட் என்று கொள்வோம். இதுவும் மிகையான மதிப்பன்று.

ஓர் இரவில் சுமார் 200 ஆட்டங்கள் நடக்கும். திறமையால் வருவது ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளரும். ஆகவே அது 10 பிளைண்ட், அன்றைய மதிப்பில் 1,000 ரூபாய். இரைச்சலோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே வளரும். 80-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 113 பிளைண்ட், அதாவது 11,300 ரூபாய். பாட்டு 1,000; இரைச்சல் 11,300!

இதன் விளைவைப் பாருங்கள். இந்த நல்ல ஆட்டக்காரர் 100 இரவுகளில் 46 அல்லது 47 இரவுகள் தோற்றுத்தான் திரும்புவார். அதே அளவு மோசமாக ஆடி, 100 ஆட்டத்திற்கு 5 பிளைண்ட் இழப்பவரும் 46 அல்லது 47 இரவுகள் வென்று திரும்புவார். நண்பரைப்போல் 14,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓர் இரவில் வெல்பவர்கள் எத்தனை பேர்? நல்ல ஆட்டக்காரர்களில் 100-க்கு 12 அல்லது 13 பேர். மோசமானவர்களில் 100-க்கு 9 பேர். வென்றவரைப் பார்த்து, அவர் இந்த இரண்டு கூட்டத்தில் எதைச் சேர்ந்தவர் என்று யாரால் சொல்ல முடியும்?

பாட்டு இரைச்சலைப்போல் இரு மடங்காகக் கேட்கவேண்டுமானால் ஏறக்குறைய 1,02,400 ஆட்டங்கள் வேண்டும். மாதம் இரண்டு இரவு வீதம் ஆடினால் 21 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தாம் திறமைசாலியா என்று நண்பர் அறிவதற்குள் அவர் பணிஓய்வை நெருங்கிவிடுவார்.

எந்திரத்திற்கே பொறுமை வேண்டியிருந்தது

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘கிளாடிகோ' என்ற கணிப்பொறி நிரலை 2015-இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். 80,000 ஆட்டங்கள் நடந்தன. மனிதர்கள் 7 லட்சத்திற்கும் அதிகமான புள்ளிகள் முன்னே நின்றார்கள். அப்படியிருந்தும், புள்ளியியல்படி இதை முடிவான வெற்றி என்று கொள்ள இயலாது என்றே ஆய்வாளர்கள் கூறினர்.

2017 ஜனவரியில் ‘லிப்ரேடஸ்' என்ற புதிய நிரல் வந்தது. இம்முறை 20 நாட்கள், 1,20,000 ஆட்டங்கள். ஒரு மேஜையில் மனிதருக்கு விழுந்த சீட்டுகளையே இன்னொரு மேஜையில் எந்திரத்திற்குக் கொடுத்து, அதிர்ஷ்டத்தின் பங்கையும் குறைத்தார்கள். அதன் பிறகே எந்திரம் வென்றது என்று அறிவிக்க முடிந்தது. அதன் திறமை, நம் கணக்கிலுள்ள நல்ல ஆட்டக்காரரின் திறமையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதையும் கவனியுங்கள்.

மேஜையில் உள்ள துளை

இயற்பியலில் நாம் உராய்வை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் விடை அழகாக வரும்; வண்டிதான் ஓடாது. போக்கரிலும் ஓர் உராய்வு உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்திலிருந்து விடுதி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சீட்டுப் போடுபவர் அந்த வில்லைகளை மேஜையில் உள்ள ஒரு துளை வழியாகப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார். நான் எண்ணியது இதைத்தான்.

ஒரு மணி நேரத்தில் சுமார் 25 ஆட்டங்கள். துளைக்குள் போனது சுமார் 2,500 ரூபாய். இந்த வேகத்தில் 8 மணி நேரத்திற்கு 20,000 ரூபாய். ஒன்பது பேர் ஆளுக்கு 10,000 ரூபாயோடு உட்காருகிறார்கள் எனக் கொண்டால், மேஜையிலுள்ள 90,000 ரூபாயில் 20,000 விடிவதற்குள் மறைந்துவிடும். தலைக்குச் சராசரி 2,200 ரூபாய்க்கு மேல். நல்ல ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பு 1,000 ரூபாய்தான் என்பதை நினைவில் வையுங்கள். அவ்விரவில் இரைச்சலே இல்லாத ஒரே வருமானம் அந்தத் துளைக்குள் விழுந்ததுதான்.

இன்னொரு முரணையும் பார்க்கவேண்டும். மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் சமமான திறமையுடையவர்கள் என்றால் யார் வெல்வார்? சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர்தான். திறமை சமமாகும்போது முடிவைத் தற்செயலே தீர்மானிக்கிறது. கமிஷன் மட்டும் குறைவதில்லை. ஆகவே 'திறமை ஆட்டம்' என்ற பெயர் ஆட்டத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்கிறதே தவிர, ஆடுகிற உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, பந்தயம் கட்டி ஆடும் ஆட்டத்திலிருந்து விடுதி நடத்துபவர் லாபம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்ற கருத்தும் இருக்கிறது. நண்பர் அதைப் படித்திருக்கவில்லை.

கடைசியாக நின்ற மாணவர்

என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்வதுண்டு. 64 மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டச் சொல்வேன். பூ விழுந்தவர் உட்காரவேண்டும். தலை விழுந்தவர் மறுபடி சுண்டவேண்டும். ஏறத்தாழ 32, 16, 8 என்று குறைந்து, ஐந்தாறு சுற்றுகளில் ஒருவர் மட்டும் நிற்பார். “எப்படியப்பா சுண்டினாய்?” என்று கேட்பேன். ஒருமுறை ஒரு மாணவர் கட்டைவிரலை மடக்கிக் காட்டி, மிகுந்த அக்கறையோடு விளக்கவே தொடங்கிவிட்டார்! வகுப்பு சிரித்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. வென்றவருக்குத் தம் விரலில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. உட்கார்ந்துவிட்ட 63 பேரை யாரும் கேட்பதில்லை.

திருக்குறளில் சூது பற்றிய அதிகாரத்தின் முதற்குறள் தோல்வியைப் பற்றியதன்று, வெற்றியைப் பற்றியது. வென்ற பொருள் மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடப்படுகிறது. அதில் எவ்வளவு நுட்பமான கவனிப்பு இருக்கிறது என்று இக்கணக்கைப் போட்டபின்தான் எனக்கு விளங்கிற்று.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, தற்செயல் என்ற பேதம் பாராமலே தடை செய்தது. பழைய கேள்வியைக் கைவிட்டதில் அச்சட்டம் சரியான திசையில்தான் போயிருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் மாண்டவி ஆற்றுக் கப்பல்கள் இணையத்தில் மிதப்பவை அல்லவே! அங்கே போகிறவரைக் காக்கக்கூடியது கணக்கு ஒன்றுதான்.

நண்பரின் படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை. “என் திறமையில் உனக்கு நம்பிக்கை இல்லையா?” என்று வருத்தத்தோடு கேட்டார். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அறிய 512 இரவுகள் வேண்டும். 2 லட்சம் ரூபாய் அதுவரை தாங்காது” என்றேன். அவர் அன்று கோபமாகத்தான் போனார். ஆனால் கணக்கு எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாணவ நண்பர்களே, யாராவது தம் வெற்றியைக் காட்டித் திறமை என்று சொன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எத்தனை முறை ஆடிப் பார்த்தீர்கள்? ஒவ்வொரு முறையும் துளைக்குள் எவ்வளவு போயிற்று? சீட்டாட்டம் மட்டுமல்ல, பங்குச் சந்தை யோசனை சொல்பவர்களிடமும் இக்கேள்விகளைக் கேட்கலாம்.