நகைப்பெட்டி விண்மீன் கொத்து

தென்சிலுவை விண்மீன் குழுவில், மிமோசா என்ற விண்மீனுக்குத் தென்கிழக்கே சுமார் ஒரு பாகை தள்ளி இருப்பது நகைப்பெட்டிக் கொத்து. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1751-52இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து வானை ஆராய்ந்தபோது இதைப் பதிவுசெய்தார். வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒற்றை விண்மீன்தான். சிறு தொலைநோக்கியிலேயே அழகு விரிந்துவிடும். நீலவெண் விண்மீன்கள் பளிச்சிட, நடுவே செம்மஞ்சளாய் ஒன்று தனித்து ஒளிரும். வண்ணமணிகள் நிறைந்த பேழை என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷல் வியந்ததே பெயருக்குக் காரணம்.

ஒரே வாயுமேகத்தில் பிறந்த இக்கொத்து விண்மீன்களின் வயது சுமார் 1.4 கோடி ஆண்டுகள்; தொலைவு ஏறத்தாழ 6,400 ஒளியாண்டுகள். அந்தச் செம்மஞ்சள் விண்மீன் மையத்து ஹைட்ரஜனை விரைவில் தீர்த்து, உப்பிச் சிவந்த பெருவிண்மீன். தமிழகத்தில் ஏப்ரல், மே மாத இரவுகளில் தென் அடிவானத்துக்குச் சற்று மேலே இக்கொத்தைக் காணலாம்.