கஞ்சிராவுக்கு வரும் மிருதங்கக் கை

மிருதங்கம் நன்றாகப் பயின்றவர் கஞ்சிராவை எடுத்தால், ஆதி தாளத்தில் மோரா வைத்துக் கோர்வையை முடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்கட்டும் நடையும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. ஆகவே இன்று கஞ்சிரா பெரும்பாலும் மிருதங்கக்காரரின் இரண்டாவது வாத்தியம். கச்சேரியில் லயம் பிசகாது என்பது இந்த வழியின் பெரிய பலம்.

புதுக்கோட்டையில் நடந்ததோ வேறு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளைக்கு லயம் தவில் வழியாக வந்தது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) கஞ்சிரா, மிருதங்கம் இரண்டும் வாசித்தார். புதுக்கோட்டைப் பாணி என்று மிருதங்கக்காரர்கள் மதிக்கும் கணக்கு வழக்கில் கஞ்சிராவின் பங்கு பெரிது. மிருதங்கத்துக்கு இவ்வளவு கொடுத்த வாத்தியத்தை அதன் நிழலாக மட்டும் கற்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கையைப் பார்த்தால் காரணம் புரியும். மிருதங்கத்தில் வலந்தலைக்கு ஒரு கை, தொப்பிக்கு ஒரு கை. கஞ்சிராவில் ஒரு கை வளையத்தைப் பிடித்திருக்க, அத்தனை சொல்லும் மற்றக் கையில்தான் விழ வேண்டும். இதில் மிருதங்கப் பாடத்தை அப்படியே வாசிப்பவரிடம் எண்ணிக்கை சரியாக இருக்கும், நாதம் மெலிந்திருக்கும். தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவி, தட்டிப் பார்த்து, தொனி இறங்கியபின் வாசிக்க வேண்டும். தோல் காயக் காய, பாட்டின் நடுவிலேயே தொனி ஏறிவிடும். பிடித்த கையின் விரலால் தோலை அழுத்தி அடித்தொனியை வளைப்பதுதான் கஞ்சிராவின் உயிர். அது மிருதங்கப் பாடத்தில் இல்லை. கஞ்சிரா வித்வான் ஜி. ஹரிசங்கரின் (1958–2002) வேகத்தைப் பலரும் பின்பற்றுகிறார்கள். அந்த வேகத்துக்கு நடுவே அவர் தொனியை வளைக்கும் இடங்களையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும்.

அயர்லாந்தின் டின் விசிலிலும் இதே சிக்கல் உண்டு. ஆறு துளைக் குழல் அது. மேற்கத்தியப் புல்லாங்குழல் பயின்றவருக்கு ஸ்வரங்கள் சீக்கிரம் பிடிபடும். நாக்கால் ஸ்வரங்களைப் பிரிக்கும் பழக்கமும் கூடவே வரும். ஐரிஷ் மரபில் அந்த வேலையைப் பெரும்பாலும் விரல்களே செய்கின்றன. அதைத் தாளில் படித்துப் பழக முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

கஞ்சிராவில் இன்னொரு தடையும் இருக்கிறது. அதற்கு மரபாகப் போர்த்துவது உடும்புத் தோல். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது; காக்கவும் வேண்டும். ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் உடும்புத் தோலின் நெகிழ்வு அப்படியே வருவதில்லை. தொனியை வளைக்க இப்போது கூடுதல் பயிற்சி தேவை. மிருதங்கத்திலிருந்து வரும் மாணவருக்கு ஆசிரியர் சில மாதம் கோர்வையே கொடுக்காமல், விளம்பகாலக் கீர்த்தனை ஒன்றுக்கு அடித்தொனியை மட்டும் வாசிக்கச் சொல்லலாம்.