கழுத்துக்குக் கீழே கல்

வான் டைக்கின் ‘ஐக்கனோகிராபி’ வரிசையைச் சில நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1630களில் ஆண்ட்வெர்ப்பில் உருவான செப்புத்தகட்டு உருவப்படங்கள். இளவரசர்கள், தளபதிகள், அறிஞர்கள், ஓவியர்கள் என எல்லாரும் உண்டு. படத்துக்கு அடியில் லத்தீனில் பேரும் பட்டமும் இருக்கும்.

பெரும்பாலான தகடுகளைச் செதுக்கியது வான் டைக் இல்லை. அவர் வரைந்து கொடுத்ததை வைத்து பான்டியுஸ், வோர்ஸ்டர்மன் மாதிரி தேர்ந்த கைகள் செதுக்கின. பியூரின் என்கிற சின்ன உளியை உள்ளங்கையில் பிடித்து, செப்பில் உழுவதுபோலத் தள்ள வேண்டும். அழுத்தினால் கோடு பருக்கும், தளர்த்தினால் மெலியும். அந்த ஒழுங்கான கோட்டு வலையில் கவசம் பளபளக்கிறது, சரிகை மின்னுகிறது. ஆனால் கன்னத்தையும் அதே வலைதான் மூடுகிறது. தளபதியின் முகமும் பாதி இரும்பாகிவிடுகிறது! இதைக் குறை என்று சொல்ல எனக்குத் தயக்கம். பிரபுவுக்கு வேண்டியது முகத்தைவிட அந்தஸ்துதானே.

வான் டைக் தன் கையாலேயே செய்த சில தகடுகள் வேறு ரகம். மெழுகுப் பூச்சின்மேல் ஊசியால் கீறிவிட்டால் போதும். செப்பை அரிக்கிற வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும். அதனால் கை பேனாவைப் போல ஓடும். அவருடைய தன்னுருவப் படத்தில் தலை மட்டும்தான் முடிந்திருக்கிறது. தோளுக்கு மேலே திரும்பி நம்மைப் பார்க்கிறார். மிச்சமெல்லாம் வெறும் தாள்.

1641இல் அவர் இறந்தார். 1645இல் ஹென்ட்ரிக்ஸ் என்ற பதிப்பாளர் வரிசையை மறுபடி வெளியிட்டபோது, அதே தகட்டில் யாகோப் நேய்ஃப்ஸ் உளி வைத்தார். தலைக்குக் கீழே பீடமும் மார்பளவுச் சிலையும் முளைத்தன. பீடத்தில் நூலின் தலைப்பு. அதுவே முகப்புப் பக்கம் ஆனது.

நியாயமாகப் பார்த்தால் அது மரியாதைதான். இந்த வரிசையே ஓவியர்களை இளவரசர்களோடு ஒரே அணியில் நிறுத்தியதே! ஆனால் அந்த மரியாதைக்கு உயிருள்ள மனிதர் கல்லாக வேண்டியிருந்தது. பிரபுக்களுக்கு உளி செய்ததையே கடைசியில் ஓவியருக்கும் செய்தார்கள்.

இரண்டு நிலைகளின் படங்களும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முதலில் கழுத்தைப் பாருங்க. மேலே துடிக்கிற கோடு, கீழே கட்டுப்பட்ட கோடு. அந்த ஒட்டு இன்னும் மறையவே இல்லை.