மனிதனுக்கு யார் வைக்கிற தேர்வு?

'ஆள்' என்றால் யார் என்ற கேள்வியை இறையியல்காரர்களின் உள்விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

கிறிஸ்துவின் இயல்பு பற்றிய சர்ச்சையில் தலையிட்ட போயத்தியஸ், 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பகுத்தறியும் இயல்புள்ள தனி உள்பொருளே ஆள் என்று வரையறுத்தார். 13ஆம் நூற்றாண்டில் அக்வினாஸ் அதை எடுத்து வளர்த்தார். மனிதனை உயர்த்துகிற வரையறை மாதிரிதான் தெரியும். ஆனால் பகுத்தறிவே அடையாளம் என்றானதும் அதிகாரம் உள்ளே நுழைகிறது: யாருக்கு அது இருக்கு, யாருக்கு இல்லை, யார் முடிவு பண்ணுவது?

1550-51இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் நடந்தது இந்தத் தேர்வுதான். செபுல்வேதா, அரிஸ்டாட்டிலின் 'இயல்பிலேயே அடிமை' என்ற கருத்தைத் துணைக்கழைத்து, அமெரிக்கப் பூர்வகுடிகள் மீதான போரை நியாயப்படுத்தினார். லாஸ் காசாஸ் எதிர்த்தார். அவர்களுக்கும் நகரம் இருக்கு, கோயில் இருக்கு, ஆட்சிமுறை இருக்கு. ஆகவே அறிவும் இருக்கு என்பது அவர் வாதங்களில் முக்கியமானது. அவர்கள் உண்மையான மனிதர்களே என்று போப் மூன்றாம் பவுல் 1537இலேயே ஆணையிட்ட பிறகும் இந்த விவாதம் தேவைப்பட்டது. தெளிவான தீர்ப்பும் வரவில்லை.

நான் லாஸ் காசாஸ் பக்கம்தான். ஆனால் அவரும் தேர்வை ரத்து செய்யச் சொல்லவில்லை. தன் மக்கள் தேறிவிட்டார்கள் என்றுதான் வாதாடினார். தேர்வு இருக்கிறவரை தோற்பதற்கு வேறொருவன் வேண்டும். பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்கக் கறுப்பின அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516இல் யோசனை சொன்னவரும் அவரே. பின்னாளில் அதற்காக வருந்தினார்.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே மாற்றுக் குரலும் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, 'பிரசங்கி' நூல் பற்றிய உரையில், கடவுளின் சாயலை என்ன விலைக்கு வாங்கினாய் என்று அடிமை வாங்கியவனைக் கேட்டார். அவரும் பகுத்தறிவைப் பேசுகிறார். ஆனால் அவரிடம் அது தகுதிச் சான்றிதழ் அல்ல. விலைபேச முடியாததற்குக் காரணம். இங்கே கூண்டில் நிற்பவன் வாங்கினவன்.

கடவுளைக் கைவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோழர்கள் நினைக்கலாம். தீராது. நாத்திகரான பீட்டர் சிங்கர் 1979இல் வெளிவந்த தன் அறவியல் நூலில் பகுத்தறிவையும் தன்னுணர்வையும் அளவுகோலாக்கி, பிறந்த குழந்தையை 'ஆள்' கணக்கில் சேர்க்கவில்லை. கடவுள் போனார், தேர்வு போகவில்லை.

தமிழில் 'ஆள்' என்றால் மனிதன். 'பண்ணையாள்' என்றாலும் அதே சொல்தான். இரண்டுக்கும் நடுவே நிற்பது அறிவு அல்ல, உடைமை. சாயல் என்ற சொல் நமக்கு வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கிரகோரியின் கேள்வியை விட்டுவிட முடியாது.